அரபு வாக்கியம் எங்கே உடைகிறது? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

திருவல்லிக்கேணியில், 1795-இல் கட்டிய வாலாஜா பள்ளிவாசலின் பாங்கு காதில் விழும் தூரத்தில், மஃரிப் என்னும் அந்தித் தொழுகைக்குப் பிறகு ஒரு சின்ன அரபு வகுப்பு எடுக்கிறேன். வளைகுடா வேலைக்குக் கிளம்பும் நர்ஸ்கள் வருகிறார்கள். மண்ணடியில் ஏற்றுமதிக் கணக்கு எழுதுபவர் ஒருவர் வருகிறார். சின்ன வயதில் ஓதியதோடு நின்றுபோய், இப்போது பொருள் தெரிந்து படிக்க வேண்டும் என்று வரும் தாய்மார்களும் உண்டு. இவர்கள் நோட்டுகளைத் திருத்தித் திருத்தி ஒன்று புரிந்தது. ஆள் மாறினாலும் தவறு மாறுவதில்லை. அதே ஏழு இடங்களில்தான் சிவப்பு மை விழுகிறது.

அந்த ஏழையும் அறிகுறிவாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் வாக்கியத்துக்குப் பொருந்தும் தலைப்புக்கு நேரே போய்விடலாம். ஒவ்வொன்றிலும் ஒரு நொடியில் சரியாகும் காரணம் முதலில் வரும், நாள்பிடிக்கும் காரணம் கடைசியில் வரும்.

சில சொற்களை மட்டும் முதலில் ஒத்துக்கொள்வோம். முப்ததா என்றால் எழுவாய். கபர் என்றால் அதைப் பற்றிச் சொல்லும் பயனிலை (இது மண்ணறையைக் குறிக்கும் கப்ரு அல்ல, செய்தி என்று பொருள்படும் வேறு சொல்). ஃபிஃல் வினை, ஃபாயில் அதைச் செய்தவர், மஃப்ஊல் செயப்படுபொருள். சொல்லின் கடைசியில் உகரம் வந்தால் பேஷ், அகரம் வந்தால் ஜபர், இகரம் வந்தால் ஜேர். பாடநூல்களில் இவை ளம்மா, ஃபத்ஹா, கஸ்ரா என்று இருக்கும். இரட்டையாக வந்து உன், அன், இன் என்று ஒலித்தால் தன்வீன். பெயருக்கு முன்னால் ஒட்டி, குறிப்பிட்ட "அந்த" ஒன்று என்று காட்டுவது அல்.

## எல்லாவற்றுக்கும் முன்: முதல் சொல்லைத் தொடுங்கள்

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் வேலை இதுதான். வாக்கியத்தின் தலையில் ஒட்டியிருக்கும் வ, ஃப, ஹல், கத், இன்ன போன்ற இடைச்சொற்களை விரலால் மறைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சும் முதல் சொல் பெயரா, வினையா? பெயர் என்றால் ஜும்லா இஸ்மிய்யா (பெயர் வாக்கியம்), அதில் முப்ததாவையும் கபரையும் தேட வேண்டும். வினை என்றால் ஜும்லா ஃபிஃலிய்யா (வினை வாக்கியம்), அதில் ஃபாயிலைத் தேட வேண்டும். இந்த இரண்டில் எது என்று தெரியாமல் கடைசி எழுத்தின் பேஷ், ஜபரைத் திருத்தக் கிளம்பினால் ஒன்றைச் சரிசெய்து இன்னொன்றைக் கெடுப்போம்.

அளவுகோலாக இரண்டு வரிகளைக் காதில் வைத்துக்கொள்ளுங்கள். சுபுஹு என்னும் விடியற்காலைத் தொழுகைக்கான பாங்கில் வரும் "அஸ்ஸலாத்து கைருன் மினன் நவ்ம்" (தூக்கத்தைவிடத் தொழுகை சிறந்தது) பெயரில் தொடங்குகிறது. தொழுகை தொடங்கும் முன் சொல்லும் இகாமத்தில் வரும் "கத் காமதிஸ் ஸலாத்து" (தொழுகை தொடங்கிவிட்டது) என்பதில் கத்-ஐ மறைத்தால் மிஞ்சுவது காமத் என்ற வினை. இரண்டும் தொழுகையைப் பற்றியவைதான், ஆனால் கட்டமைப்பு வேறு. பாங்கு கேட்டே வளர்ந்தவர்களுக்கு இந்த இரண்டு வரியும் பாடநூலின் முதல் அத்தியாயத்துக்குச் சமம். மற்றவர்களும் ஒரு நாளில் மனப்பாடம் செய்துவிடலாம், என் வகுப்பில் செய்திருக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. "இய்யாக்க நஃபுது" (உன்னையே வணங்குகிறோம்) போன்ற இடத்தில் முதலில் நிற்பது மஃப்ஊல், அழுத்தத்துக்காக முன்னால் வந்திருக்கிறது. அது ஜும்லா ஃபிஃலிய்யாதான். ஆகவே முதல் சொல்லைத் தொட்டதும், "இதைப் பற்றிச் செய்தி சொல்கிறோமா, அல்லது இதற்கு ஏதோ செய்யப்படுகிறதா?" என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

## அறிகுறி 1: சொல்லி முடித்த பிறகும் கேட்பவர் காத்திருக்கிறார்

ரியாத் போகவிருந்த நர்ஸ் ஒருவர். ஷிஃப்ட் மாறும்போது அடுத்தவரிடம் நோயாளிகளை ஒப்படைக்கும் பேச்சை வகுப்பில் பழகிக்கொண்டிருந்தோம். "நோயாளி சோர்வாக இருக்கிறார்" என்று சொல்ல வேண்டும். "அல்மரீளுல் முத்அபு" என்று தெளிவாகச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். "சொல்லிட்டேனே மேடம்" என்றார். "சோர்ந்துபோன அந்த நோயாளி... சரிம்மா, அவருக்கு என்ன?" என்று கேட்டேன். அவர் நோட்டைப் பார்த்தார், வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார், பேனாவால் ஒரே ஒரு அல்-ஐ அடித்தார். "அல்மரீளு முத்அபுன்." வாக்கியம் நின்றுவிட்டது.

முதலில் பார்க்க வேண்டியது: இரண்டாவது சொல்லில் அல் இருக்கிறதா? பத்துக்கு எட்டு முறை காரணம் இதுதான். தமிழில் அல்-க்கு நேரான உறுப்பு இல்லாததால், அதை மரியாதைக்குப் போடும் ஒட்டு மாதிரி எல்லாச் சொல்லிலும் போட்டுவிடுகிறோம். இந்த நான்கையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்:

- "அல்மரீளு முத்அபுன்": நோயாளி சோர்ந்திருக்கிறார். முழு வாக்கியம்.
- "அல்மரீளுல் முத்அபு": சோர்ந்த அந்த நோயாளி. பாதிதான்.
- "மரீளுன் முத்அபுன்": சோர்ந்த ஒரு நோயாளி. இதுவும் பாதிதான்.
- "ஹாதா மரீளுன்": இவர் ஒரு நோயாளி. முழு வாக்கியம்.

முதல் சொல்லில் அல், இரண்டாவதில் தன்வீன் என்று ஏறி இறங்கினால் வாக்கியம். இரண்டும் ஒரே மட்டத்தில் இருந்தால் பெயரும் அடையும் சேர்ந்த தொடர். பாங்கு வரியும் அப்படித்தான் இருக்கிறது: அஸ்ஸலாத்து என்பதில் அல் (ஸ-வோடு சேர்ந்து அஸ் என்று ஒலிக்கிறது), கைருன் என்பதில் தன்வீன். (அடுத்து மீம் வருவதால் ஓதும்போது கைரும் என்று ஒலிக்கும். எழுத்தில் தன்வீன்தான்.)

இரண்டாவது: ஹாதாவுக்குப் பின்னால் அல் வந்துவிட்டதா? "ஹாதா பைத்துன்" என்றால் இது ஒரு வீடு. "ஹாதல் பைத்து" என்றால் இந்த வீடு. தமிழில் "இது", "இந்த" என்று சொல்லே மாறுகிறது. அரபில் சொல் மாறாது, அல் மட்டும் அந்த வேலையைச் செய்கிறது. "இதுதான் அந்த வீடு" என்று சொல்ல வேண்டுமா? நடுவில் ஹுவ (அவர், அது) போடுங்கள்: "ஹாதா ஹுவல் பைத்து". நம் தான்-க்கு அரபுக்காரர் வைத்திருக்கும் தூண் அது.

மூன்றாவது: முதல் பாதி இரண்டு சொல் சேர்ந்த இளாஃபத்தா (இன்னாருடையது என்று சொல்லும் தொடரா)? "பைத்துல் முதர்ரிஸி" என்றால் ஆசிரியரின் வீடு. அதில் பைத்து என்பதற்கு அல்-உம் கிடையாது, தன்வீனும் கிடையாது. பின்னால் வரும் சொல்லால் அது "அந்த" வீடாகிவிட்டது. "பைத்துல் முதர்ரிஸி கபீருன்" என்றால் ஆசிரியரின் வீடு பெரியது. இங்கே கபீருன் என்பதில் அல் போட்டால் மறுபடி பாதியில் நிற்கும்.

நான்காவது: கபரில் அல்-உம் இல்லை, தன்வீனும் இல்லை. உடனே தவறு என்று அடித்துவிடாதீர்கள். "அல்லாஹு அக்பரு" என்பதில் அக்பர் தன்வீன் ஏற்காத வகை. நிறப் பெயர்களும் ஒப்பீட்டுச் சொற்களும் பெரும்பாலும் இந்த அச்சில்தான் வரும்: "அல்கமீஸு அஹ்மரு", சட்டை சிவப்பு.

வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்த அறிகுறிதான் மிக முக்கியம் என்பேன். வளைகுடாவில் பேச்சு வழக்கில் கடைசி உயிரொலிகள் உதிர்ந்துவிடும். பேஷ், ஜபர் யாருக்கும் கேட்காது. அங்கே வாக்கியத்தையும் தொடரையும் பிரித்துக் காட்ட மிஞ்சியிருப்பது அல் ஒன்றுதான்.

## அறிகுறி 2: "இருக்கிறது" என்பதற்குச் சொல் தேடி மாட்டிக்கொள்கிறீர்கள்

நோட்டில் இது "அல்பைத்து யகூனு கபீரன்" என்று வந்து நிற்கும். இல்லையென்றால் எல்லா வாக்கியத்திலும் நடுவில் ஒரு ஹுவ செருகியிருக்கும்.

இந்தத் தவறு ஆங்கில வழியில் படித்தவர்களிடம்தான் அதிகம். அவர்கள் மனதில் வாக்கியம் முதலில் ஆங்கிலத்தில் உருவாகி, அதிலுள்ள "இஸ்" என்ற சொல்லுக்கு இடம் கேட்கிறது. தமிழிலிருந்து நேராக வந்தால் சிக்கலே இல்லை. "அவர் டாக்டர்" என்கிறோம். "இது எங்க வீடு" என்கிறோம். எங்கே வினை? அரபும் அதே மாதிரி "ஹுவ தபீபுன்" என்று முடித்துவிடும். இவ்வளவு பெரிய வசதி நம் வாயிலேயே இருக்கும்போது ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு போவதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

செய்ய வேண்டிய சோதனை: உங்கள் தமிழ் வாக்கியத்தை "இரு" இல்லாமல் சொல்லிப் பாருங்கள். "வீடு பெரியதாக இருக்கிறது" என்பதை "வீடு பெரியது" என்று மாற்றுங்கள். "சாவி எங்கே?" என்று கேட்டால் வீட்டில் என்ன பதில் வரும்? "மேசை மேல." அவ்வளவுதான். "அல்மிஃப்தாஹு அலல் மக்தபி." "மேசை மேல்" என்ற அந்தத் துண்டே கபர். "இரு" இல்லாமல் தமிழில் நின்றால் அரபிலும் வினை இல்லாமல் நிற்கும்.

நிற்கவில்லை என்றால் காலத்தைப் பாருங்கள். "நேற்று சோர்வாக இருந்தார்" என்பதில் "இருந்தார்" என்பதை விட முடியாது. அப்போது "இருந்தார்" என்று பொருள்படும் கான என்ற சொல் வேண்டும்: "கானல் மரீளு முத்அபன்". கபர் பேஷிலிருந்து ஜபருக்கு இறங்கியதைக் கவனியுங்கள். வரும் நாளைச் சொல்ல ஸயகூனு, அதற்கும் இதே விதி. யகூனு அரபில் உண்டுதான், ஆனால் "இப்போது இருக்கிறது" என்ற சாதாரணச் செய்திக்கு அதைக் கூப்பிட வேண்டியதில்லை.

## அறிகுறி 3: "ஒரு" என்று தொடங்கிய வாக்கியம் நொண்டுகிறது

"ரஜுலுன் ஃபில் பைத்தி" என்று எழுதியிருப்பீர்கள். வீட்டில் ஒரு ஆள் என்று சொல்ல நினைத்தது. அரபு காதுக்கு இது தலை இல்லாமல் தொடங்குவது போல இருக்கும். யாரென்று தெரியாத ஒருவரை முப்ததாவாக முன்னால் நிறுத்துவதில்லை.

தீர்வு மறுபடி தமிழிலேயே இருக்கிறது. "மேசையில் ஒரு புத்தகம் இருக்கிறது", "தெருமுனையில் ஒரு கடை இருக்கிறது" என்று இடத்தை முன்னால் வைத்துத்தான் நாம் இயல்பாகப் பேசுகிறோம். அதே வரிசையில் போடுங்கள்: "ஃபில் பைத்தி ரஜுலுன்". கபர் முன்னால், முப்ததா பின்னால். பின்னால் போனாலும் அதற்கு உரிய பேஷ் போகாது.

"என்னிடம்", "எனக்கு" வாக்கியங்களும் இதே குடும்பம். "என்னிடம் ஒரு பேனா இருக்கிறது" என்பது "இந்தீ கலமுன்". "எனக்கு ஒரு அண்ணன் இருக்கிறார்" என்பது "லீ அகுன்". தமிழில் இடம் என்ற உருபும் கு-வும் பிரிகிற மாதிரியே அரபில் இந்தவும் லி-யும் பிரிகின்றன. நோட்டில் "இந்தீ கலமன்" என்று ஜபர் வந்திருந்தால், வாக்கியம் மறுபடி ஆங்கிலத்தைச் சுற்றி வந்திருக்கிறது என்று பொருள். ஆங்கிலத்தில் பேனா செயப்படுபொருள். தமிழிலும் அரபிலும் அது எழுவாய்.

"ஸலாமுன் அலைக்கும் என்று குர்ஆனில் வருகிறதே, அது மட்டும் எப்படி?" என்று ஒவ்வொரு வருடமும் ஒருவர் கேட்பார். நல்ல கேள்வி. துஆவாக, அதாவது வேண்டுதலாக வரும்போது அதற்கு அனுமதி உண்டு. உங்கள் பேனாவுக்கும் மேசைக்கும் அந்த அனுமதி இல்லை.

## அறிகுறி 4: வினையை முன்னால் வைத்தால் ஒருமை பன்மை குழம்புகிறது

"பயணிகள் வந்து சேர்ந்தார்கள்." மீனம்பாக்கத்தில் தினமும் கேட்கும் செய்தி. நோட்டில் "வஸலுல் முஸாஃபிரூன" என்று வருகிறது, அதாவது வினையிலும் பன்மை, பெயரிலும் பன்மை. தமிழில் "வந்தார்கள் பயணிகள்" என்று திருப்பிப் போட்டாலும் "ஆர்கள்" விடாது என்பதால் வரும் பழக்கம் இது. இந்த ஒரு இடத்தில் தமிழ் நமக்கு உதவாது, கொஞ்சம் எதிராகவே இழுக்கும்.

சோதனை: வினை முன்னாலா, பின்னாலா?

முன்னால் என்றால் எண் பார்க்காது, ஒருமையிலேயே நிற்கும்: "வஸலல் முஸாஃபிரூன". வந்தவர்கள் இருவர் என்றாலும் "வஸலல் முஸாஃபிரானி". ஆனால் ஆண் பெண் பார்க்கும்: பெண் பயணிகள் என்றால் "வஸலத்தில் முஸாஃபிராத்து". இகாமத்தில் காம என்று இல்லாமல் காமத் என்று வருவதும் ஸலாத் பெண்பால் என்பதால்தான்.

பின்னால் என்றால் எல்லாம் பார்க்கும்: "அல்முஸாஃபிரூன வஸலூ", "அல்முஸாஃபிராத்து வஸல்ன". முதல் சொல் பெயராகிவிட்டதால் இது ஜும்லா இஸ்மிய்யா. வஸலூ என்பதற்குள் "அவர்கள்" ஒளிந்திருக்கிறார்கள், அந்த முழு வினையும் கபர். பஸ்ரா இலக்கணக்காரர்கள் இப்படித்தான் பிரித்தார்கள். கூஃபாவினர் ஃபாயில் வினைக்கு முன்னாலும் வரலாம் என்றார்கள். நம் பாடநூல்கள் பஸ்ரா வழியில் போவதால் தேர்வில் அப்படியே எழுதுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் தவறு என்று குறிவிழுந்தால், இரண்டாவது வினையைப் பாருங்கள். "பயணிகள் வந்து உட்கார்ந்தார்கள்" என்பது "வஸலல் முஸாஃபிரூன வஜலஸூ". முதல் வினை பெயருக்கு முன்னால், ஆகவே ஒருமை. இரண்டாவது வினை பெயரைத் தாண்டி வந்துவிட்டது, ஆகவே பன்மை. நன்றாகப் படிக்கும் பிள்ளைகள்கூட இங்கேதான் சறுக்குகிறார்கள்.

## அறிகுறி 5: பொருட்களின் பன்மையில் பெண்பால் எங்கிருந்து வந்தது?

"புத்தகங்கள் புதியவை" என்பதற்குப் பாடநூலில் "அல்குதுபு ஜதீதத்துன்" என்று இருக்கிறது. கிதாப் ஆண்பால், குதுப் பன்மை, பிறகு ஏன் ஒற்றைப் பெண்பால்? மாணவர்கள் இதை அச்சுப்பிழை என்று நினைத்துத் திருத்திக்கொண்டு வருவார்கள்.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: உயர்திணையா, அஃறிணையா? அஃறிணைப் பன்மை என்றால் அரபு அதை ஒரு பெண்பால் ஒருமையாக நடத்தும். "ஹாதிஹி குதுபுன்", இவை புத்தகங்கள். "அஸ்ஸய்யாராத்து வாகிஃபத்துன்", வண்டிகள் நின்றுகொண்டிருக்கின்றன. வீட்டுப் பேச்சில் நாமும் "புக்கெல்லாம் வந்துச்சு", "பஸ்ஸெல்லாம் நின்னுடுச்சு" என்று அஃறிணைப் பன்மையை ஒருமையில்தான் முடிக்கிறோம். உலகத்தில் எத்தனையோ மொழிக்காரர்கள் இந்த விதியை உருப்போட வேண்டியிருக்க, திணை என்ற ஒன்று நம் கையில் ஏற்கனவே இருப்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

ஒரு இடத்தில் மட்டும் கவனம். "குழந்தை அழுதது" என்று தமிழில் அஃறிணையாகச் சொல்வோம். அரபில் குழந்தைகளும் மனிதர் கணக்கில்தான்: "அல்அவ்லாது நாயிமூன", பிள்ளைகள் தூங்குகிறார்கள்.

## அறிகுறி 6: கடைசி எழுத்தில் மதிப்பெண் போகிறது

வாக்கியம் புரிகிறது, வரிசை சரி, ஆனாலும் ஒவ்வொரு வரியிலும் கடைசி எழுத்தில் சிவப்பு. பொறுமை வேண்டிய அறிகுறி இது. கீழே உள்ள வரிசையில் பாருங்கள், தாவாதீர்கள்.

முதல் பார்வை: முன்னால் வேற்றுமை இடைச்சொல் இருக்கிறதா? ஃபீ, அலா, மின், இலா, பி, லி இருந்தால் ஜேர். இளாஃபத்தின் இரண்டாம் சொல்லுக்கும் ஜேர். நமக்குத் தெரிந்த பெயரிலேயே சாட்சி இருக்கிறது. தனியாகச் சொன்னால் அபூதாலிப். மகனைச் சொன்னால் அலீ இப்னு அபீதாலிப். அபூ ஏன் அபீ ஆனது? இப்னு என்பதோடு சேர்ந்து ஜேர் நிலைக்குப் போனதால். "தப்பத் யதா அபீலஹப்" என்ற குர்ஆன் வரியிலும் அதே அபீ.

இரண்டாவது: வாக்கியத்தின் தலையில் இன்ன குடும்பமா, கான குடும்பமா? இன்ன, அன்ன, கஅன்ன, லாகின்ன, லைத்த, லஅல்ல என்று இன்ன குடும்பத்தில் ஆறு பேர். இவர்கள் முப்ததாவை ஜபராக்குவார்கள்: "இன்னல் மரீள முத்அபுன்". கான குடும்பம் கபரை ஜபராக்கும்: "கானல் மரீளு முத்அபன்". இரண்டையும் ஒரே தாளில் மேலும் கீழுமாக எழுதி, ஜபர் விழுந்த சொல்லை வட்டமிட்டுச் சுவரில் ஒட்டச் சொல்வேன். பாத்திரம் தேய்க்கும் இடத்துக்கு மேலே ஒட்டிவைத்த ஒரு அம்மா ஒரே மாதத்தில் இதிலிருந்து வெளியே வந்தார்.

மூன்றாவது: செயப்படுபொருளில் ஐ காணாமல் போயிற்றா? இது தமிழர்களுக்கே உரிய பள்ளம். "பையன் புத்தகம் படித்தான்" என்கிறோம், "புத்தகத்தை" என்பதில்லை. அந்த ஐ மறைந்திருப்பதால் அரபில் "கரஅல் வலதுல் கிதாபு" என்று இரண்டு சொல்லுக்கும் பேஷ் போட்டுவிடுகிறோம். சந்தேகம் வந்தால் ஐ-யை ஒட்டிப் பாருங்கள். "பையன் புத்தகத்தைப் படித்தான்" என்று ஒட்டுகிறதா? அப்படியானால் ஜபர்: "கரஅல் வலதுல் கிதாப". "பையனைப் புத்தகம் படித்தான்" என்று ஒட்டாது, ஆகவே பையனுக்கு பேஷ்.

நான்காவது: மாற்றமே காட்டாத சொல்லா? இலக்கண நூல்களில் காலங்காலமாக வந்துபோகும் ஸைதும் அம்ரும் இடம் மாறினால் கவலை இல்லை. "அக்ரம ஸைதுன் அம்ரன்" என்றாலும் "அக்ரம அம்ரன் ஸைதுன்" என்றாலும் கண்ணியப்படுத்தியவர் ஸைதுதான், பேஷ் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் மூஸா, ஈஸா என்று முடியும் பெயர்களில் பேஷும் தெரியாது, ஜபரும் தெரியாது. "அக்ரம மூஸா ஈஸா" என்றால் முன்னால் இருப்பவரே ஃபாயில், அவரைப் பின்னால் தள்ள அனுமதி இல்லை. தமிழில் "யானை பாம்பு பார்த்தது" என்று ஐ இல்லாமல் சொன்னால் முன்னால் நிற்கும் யானைதான் பார்த்தது என்று எடுத்துக்கொள்வோம், அது மாதிரி.

ஐந்தாவது, நாள்பிடிப்பது: உயிரொலிக்குப் பதில் எழுத்தே மாறும் சொற்கள். முஸாஃபிரூன என்பது ஜபரிலும் ஜேரிலும் முஸாஃபிரீன ஆகும். இருவர் என்றால் முஸாஃபிரானி, முஸாஃபிரைனி. அபூ, அகூ போன்ற ஐந்து பெயர்கள் தனி. இதற்குக் குறுக்கு வழி எனக்குத் தெரிந்து இல்லை. நாளுக்கு ஐந்து வாக்கியம் வீதம் கையால் எழுதித்தான் வர வேண்டும்.

## அறிகுறி 7: "இல்லை" என்று சொன்னதும் வாக்கியம் உடைகிறது

சென்னைப் பேச்சில் ஒரே "இல்லை" எல்லா வேலையும் செய்துவிடுகிறது. "அவர் டாக்டர் இல்லை", "அவர் வரவில்லை", "அவர் வருவதில்லை." அரபு இதை ஒன்றோடொன்று கலக்க விடாது. தமிழின் வேறுபாட்டை முதலில் தெளிவாக்கிக்கொண்டால் சரியான கருவி தானாகக் கைக்கு வரும்.

"அல்ல" என்று மாற்ற முடிகிறதா? அல்லது முதல் சொல் சோதனையில் பெயர் வந்து, வினையே இல்லாத வாக்கியமா? லைஸ போடுங்கள்: "லைஸல் மரீளு முத்அபன்". கான குடும்பத்தில் சேர்ந்ததால் கபருக்கு ஜபர். பி சேர்த்து "பிமுத்அபின்" என்றும் சொல்லலாம்.

"வரவில்லை" என்றால் லம்: "லம் யஸில்". "வருவதில்லை" என்றால் லா: "லா யஸிலு". "வரமாட்டார்" என்றால் லன்: "லன் யஸில". கடைசி எழுத்து மூன்றிலும் வேறு வேறு என்பதைக் காதால் கேளுங்கள். மிக அதிகமாகத் திருத்துவது "லம் வஸல". பொருள் இறந்தகாலம் என்பதால் வினையையும் இறந்தகாலத்தில் வைத்துவிடுகிறார்கள். லம் தானே பொருளை இறந்தகாலத்துக்குக் கொண்டுபோகும், வினை நிகழ்கால வடிவில்தான் நிற்க வேண்டும். "லம் யலித் வலம் யூலத்" என்ற குர்ஆன் வரியை நினைத்துக்கொண்டால் மறக்காது. இறந்தகால வடிவையே வைக்க ஆசை என்றால் மா இருக்கிறது: "மா வஸல".

## எப்போது நிறுத்திவிட்டு உஸ்தாதிடம் (ஆசிரியரிடம்) போக வேண்டும்

மேலே உள்ள சோதனைகளை ஒருமுறை ஓட்டிப் பார்த்தும் வாக்கியம் சரியாகவில்லை என்றால், மூன்றாவது முறை அதே இடத்தில் சுரண்டாதீர்கள். கீழ்க்கண்டவற்றுக்குச் சோதனையே செய்ய வேண்டாம், நேராக ஆள் பாருங்கள்.

ஒன்று, குர்ஆன் வசனம். இந்த விதிகளைக் கொண்டு வசனத்தில் "இது ஏன் இப்படி?" என்று குழம்ப நேரும். ஸூரா ஹுஜுராத்தின் 14-ஆம் வசனத்தில் "காலத்தில் அஃராபு" என்று ஆண்களுக்குப் பெண்பால் வினை. ஸூரா யூஸுஃபின் 30-ஆம் வசனத்தில் "வகால நிஸ்வத்துன்" என்று பெண்களுக்கு ஆண்பால் வினை. இரண்டுக்கும் நஹ்வில் (அரபு இலக்கணத்தில்) தெளிவான விடை உண்டு, சொல்லின் உள்வடிவே மாறும் உடைந்த பன்மையில் வினை இரு பாலும் ஏற்கும். ஆனால் ஒரு வசனத்தில் ஏன் இது, இன்னொன்றில் ஏன் அது என்பதை முறையாக ஓதிய ஹஜ்ரத்திடம் (மார்க்க ஆசிரியரிடம்) உட்கார்ந்து கேட்க வேண்டும். "லா இலாஹ" என்பதில் தன்வீன் இல்லாத ஜபர் ஏன் என்பதும் அவரிடம் கேட்க வேண்டியதே.

இரண்டு, கையெழுத்துப் போடும் தாள். வேலை ஒப்பந்தம், பவர் பத்திரம், சான்றிதழ் மொழிபெயர்ப்பு. ஒரு அல் கூடினாலும் குறைந்தாலும் "சம்பளம் முழுமையானது" என்பது "முழுச் சம்பளம்" என்று மாறும். வகுப்பறை அறிவோடு அதில் கைவைக்காமல், சான்றளிக்கும் மொழிபெயர்ப்பாளரிடம் கொடுங்கள். செலவானாலும் சரி.

மூன்று, கபரே ஒரு தனி வாக்கியமாக இருக்கும் வாக்கியம். "ஸைதுன் அபூஹு முதர்ரிஸுன்", ஸைது இருக்கிறாரே, அவர் அப்பா ஆசிரியர். இதுவரை தமிழில் எளிதாகப் புரியும். இதற்கு மேல் அடுக்கிக்கொண்டே போனால் பலகையில் பிரித்துக் காட்ட ஒருவர் வேண்டும்.

ஆள் தேடுவதில் சென்னையில் குறையில்லை. திருவல்லிக்கேணி, மண்ணடி, பெரியமேடு பள்ளிவாசல்களில் நஹ்வு ஓதிய ஹஜ்ரத்கள் இருக்கிறார்கள். இராயப்பேட்டை புதுக் கல்லூரியிலும் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் அரபுத் துறை உண்டு. முஸ்லிம் அல்லாதவர்கள் தயங்க வேண்டாம். மரியாதையாகப் போய் இலக்கணச் சந்தேகம் என்றால் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பவர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

போகும்போது வெறும் கையோடு போகாதீர்கள். ஒரு தாளில் அந்த வாக்கியத்தை ஜபர், ஜேர், பேஷ் எல்லாம் போட்டு எழுதுங்கள். கீழே நீங்கள் சொல்ல நினைத்ததைத் தமிழில் எழுதுங்கள், ஆங்கிலத்தில் வேண்டாம். முதல் சொல்லை வட்டமிட்டுப் பக்கத்தில் "பெயர்" அல்லது "வினை" என்று குறித்துக்கொள்ளுங்கள். ஹஜ்ரத் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.